ஃபேர்சைல்டின் எட்டுப் பேரும் உங்கள் ராஜினாமாக் கடிதமும்

கடிதத்தின் சுருக்கம்: கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகர், ஒரு பெரிய சிப் தயாரிப்பு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாகப் பணிபுரியும் செய்முறைப் பொறியாளர். இப்போது 12 பேர் கொண்ட குழுவுக்கு மேலாளராக இருக்கிறார். மின்திறன் சாதனங்களுக்காக அவர் முன்வைத்த ஒரு புதிய செய்முறையை நிர்வாகம் இரண்டு முறை நிராகரித்துவிட்டது. அதனால் உடன் பணிபுரியும் மூன்று நண்பர்களோடு வெளியேறிச் சொந்த நிறுவனம் தொடங்க விரும்புகிறார். வாசகரிடம் கிரீன் கார்டு இருக்கிறது. நண்பர்களில் ஒருவர் எச்-1பி விசாவில் இருப்பவர். வேறொரு மாநிலத்தைச் சேர்ந்த கருவி நிறுவனம் ஒன்று முழு முதலீட்டையும் தருவதாகச் சொல்கிறது. ஆனால் இப்போதே குறித்துவைக்கும் ஒரு விலைக்குப் புதிய நிறுவனம் முழுவதையும் பிற்பாடு தானே வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கேட்கிறது. வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஓராண்டுப் போட்டித் தடை உட்பிரிவை (விலகிய பின் ஓராண்டுக்குப் போட்டித் தொழிலில் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையை) நினைத்து வாசகருக்குத் தூக்கம் வருவதில்லை. சோதனை முடிவுகளும் செய்முறைக் குறிப்புகளும் தன் சொந்த மடிக்கணினியில் இருப்பதை, அவை தன் உழைப்புத்தானே என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார். ஊரிலிருக்கும் அப்பாவோ, உப்பிட்டவருக்குத் துரோகம் செய்யக் கூடாது என்கிறார். வாசகரின் வாதம் இது: 1957-இல் ஷாக்லியின் ஆய்வுக்கூடத்திலிருந்து எட்டுப் பேர் ஒரே நாளில் வெளியேறி, கற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தங்கள் சொந்த நிறுவனமாகத் தொடங்கினார்கள், யாரும் அவர்கள் மீது வழக்குப் போடவில்லை, அவர்களுக்குச் சரியாக இருந்தது எங்களுக்கு மட்டும் ஏன் சரியாக இருக்கக் கூடாது?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைத் தூங்கவிடாத போட்டித் தடை உட்பிரிவுக்குக் கலிஃபோர்னியாவில் அநேகமாக உயிரே இல்லை. நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன மடிக்கணினியும், கடிதத்தின் இறுதியில் சேர்த்திருக்கும் கொள்முதல் உரிமையும்தான் உங்கள் நால்வரின் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கக்கூடியவை. ஃபேர்சைல்டை நீங்களே எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அந்த வரலாற்றைச் சரியாகப் படித்தால் உங்களுக்கு வேண்டிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே கிடைக்கும் என்பதால், என் பதிலையும் அதையொட்டியே எழுதுகிறேன்.

ஒரே நாளில் நடந்ததல்ல

டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லி, ஆர்னால்ட் பெக்மன் என்ற தொழிலதிபரின் முதலீட்டில் 1956-இல் மவுண்டன் வியூவில் தன் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவருடைய பெயரை நம்பி வந்த இளைஞர்களில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர், ஜான் ஹோர்னி, ஜே லாஸ்ட், யூஜின் கிளைனர், விக்டர் கிரினிச், ஜூலியஸ் பிளாங்க், ஷெல்டன் ராபர்ட்ஸ் ஆகிய எட்டுப் பேரும் இருந்தார்கள். சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யலாம் என்று வந்தவர்களை ஷாக்லி தான் கண்டுபிடித்த நான்கடுக்கு டையோடின் பக்கம் திருப்பினார். ஒரு சின்ன விபத்துக்கு யார் காரணம் என்று அறிய, ஊழியர்களைப் பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படச் சொல்லும் அளவுக்கு அவருடைய சந்தேகம் போனது.

அவர்கள் முதலில் செய்தது வெளியேறியதல்ல. 1957-இன் கோடையை ஒட்டிய மாதங்களில் முதலாளியான பெக்மனிடமே நேரடியாகப் பேசி, ஷாக்லியை ஆலோசகர் போன்ற பொறுப்புக்கு மாற்றிவிட்டு நிர்வாகத்தை வேறொருவரிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெக்மன் முதலில் இணங்குவதுபோல் இருந்து, பிறகு ஷாக்லியின் பக்கமே நின்றுவிட்டார். அதன் பிறகுதான் கிளைனர் தன் தந்தை கணக்கு வைத்திருந்த பங்குத் தரகு நிறுவனமான ஹேடன் ஸ்டோனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில்கூடச் சொந்த நிறுவனம் என்ற பேச்சே இல்லை. எங்களைக் குழுவாக வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் எதுவும் இருக்கிறதா என்றுதான் கேட்டிருந்தார். தனியாக ஒரு நிறுவனம் தொடங்கலாமே என்ற யோசனையை அவர்கள் மனத்தில் விதைத்தவர் அங்கிருந்து வந்த ஆர்தர் ராக் என்ற இளைஞர். ராக்கும் அவருடைய மேலதிகாரி கோய்லும் முப்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள், எல்லாமே மறுத்தன. கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் சயோசெட்டிலிருந்த ஃபேர்சைல்ட் கேமரா அண்ட் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கடனாகத் தர முன்வந்தது. அவர்கள் ராஜினாமா செய்தது 1957 செப்டம்பரில்.

ஆக, குறையை உரியவரிடம் சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, வேறு வழி இல்லையென்று தெரிந்த பின் விலகினார்கள். நீங்களும் இரண்டு முறை உங்கள் செய்முறையை முறையாக முன்வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டு முன்மொழிவுகளும் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும் என்பது உங்களுக்கு நல்லதும்கூட, கெட்டதும்கூட. நல்லது எப்படியென்றால், மறைத்து வைத்து வெளியே கொண்டுபோனீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கெட்டதை அடுத்துச் சொல்கிறேன்.

உங்கள் மடிக்கணினியில் இருப்பவை

எட்டுப் பேர் கற்றதையெல்லாம் எடுத்துச் சென்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கையில் எடுத்துச் சென்ற அறிவின் ஊற்று பெரும்பாலும் ஷாக்லியின் கட்டடம் அல்ல, டிரான்சிஸ்டர் பிறந்த இடமான பெல் ஆய்வுக்கூடம். பெல் தன் டிரான்சிஸ்டர் தொழில்நுட்பத்தை 1952 முதலே கட்டணம் பெற்றுக்கொண்டு பல நிறுவனங்களுக்கும் கற்றுக்கொடுத்துவந்தது. அமெரிக்க அரசு தொடுத்திருந்த ஏகபோக எதிர்ப்பு வழக்கில் 1956 ஜனவரியில் ஏற்பட்ட சமரசத் தீர்ப்பு, பெல்லின் அதுவரையிலான காப்புரிமைகளை உள்நாட்டு நிறுவனங்கள் உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்த வழி திறந்துவிட்டது. 1957-இல் சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்யப் புறப்பட்டவர்களுக்கு அடிப்படைத் தொழில்நுட்பம் ஒரு பொதுக் கிணறுபோல இருந்தது. உங்கள் செய்முறையின் நிலை அப்படியல்ல. அது உங்கள் நிறுவனத்தின் கருவிகளில், அதன் வேஃபர்களில் (சிப்கள் உருவாக்கப்படும் மெல்லிய வட்டத் தகடுகளில்), அது கொடுத்த சம்பள நேரத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

இதற்கு நேரான எடுத்துக்காட்டு ஃபேர்சைல்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. இதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். எட்டுப் பேரும் தங்களில் ஒருவரை மேலாளராக்காமல், ஹியூஸ் நிறுவனத்திலிருந்து ஈவார்ட் பால்ட்வின் என்பவரைப் பொது மேலாளராக அழைத்துவந்தார்கள். அவர் 1959 மார்ச்சில் சிலரோடு விலகி, அருகிலேயே ரீம் செமிகண்டக்டர் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். டிரான்சிஸ்டர் தயாரிப்பின் செய்முறைக் கையேடு எடுத்துச் செல்லப்பட்டது என்று ஃபேர்சைல்ட் வழக்குத் தொடுத்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன்பு இன்னொருவரிடமிருந்து விலகி வந்தவர்களே, தங்கள் ரெசிப்பி வெளியே போனதும் நீதிமன்றத்தின் படியேறினார்கள்! ஆட்கள் போவதை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிந்திருக்கும். தாள்கள் போவதைப் பொறுக்க முடியவில்லை. இன்றைய சட்டமும் அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

உங்களுக்குச் சாதகமான எடுத்துக்காட்டு ஒன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபேர்சைல்டின் ஆய்வுக்கூடத்தில் ஃபெடரிக்கோ ஃபாஜின் குழுவினர் 1968-இல் செம்மைப்படுத்திய சிலிக்கான் கேட் தொழில்நுட்பம், அதே ஆண்டு நாய்சும் மூரும் தொடங்கிய இன்டெலின் ஆரம்பகாலச் சிப்களுக்கு அடித்தளமானது. அந்தக் காலத்தில் இப்படிப் பல நடந்தன. ஆனால் அந்தத் தளர்வை நம்பி நீங்கள் அடியெடுத்து வைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் சீரான வணிக ரகசியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1985-இல். வணிக ரகசியத் திருட்டைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி, தனிநபருக்குப் பத்தாண்டுகள்வரை விதிக்க இடமளிக்கும் ஃபெடரல் சட்டம் 1996-இல் வந்தது. ஃபெடரல் நீதிமன்றத்தில் நேரடியாக உரிமையியல் வழக்குத் தொடரும் வழி 2016-இல் திறந்தது. எட்டுப் பேரின் காலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

"அவை என் உழைப்பு" என்கிறீர்கள். உங்கள் உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊழியர் தன் வேலையின் வழியாகப் பெறும் எதுவும் ஊதியம் நீங்கலாக முதலாளிக்கே உரியது என்று கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 2860-ஆம் பிரிவு சொல்கிறது. பதினோரு ஆண்டுகளில் உங்கள் கைக்கும் கண்ணுக்கும் வந்த திறமை, எந்த வெப்பநிலையில் படலம் எப்படி நடந்துகொள்ளும் என்ற பொதுவான அறிவு, தோற்றுப்போன ஒரு வேஃபரைப் பார்த்ததும் காரணத்தை ஊகிக்கும் பயிற்சி ஆகியவை உங்களோடு வரும்; யாரும் அவற்றைப் பறிக்க முடியாது. எண்கள் நிறைந்த அட்டவணைகளும், ரன் தரவுகளும், செய்முறைக் கோப்புகளும் வராது. நிர்வாகம் நிராகரித்துவிட்டது என்பதால் அந்தச் செய்முறை உங்களுடையதாகிவிடாது. பலிக்காத சோதனைகளின் முடிவுகூட ரகசியமாக இருக்க முடியும். எந்த வழி பலிக்காது என்று தெரிந்திருப்பதே போட்டியாளருக்குப் பல மாதங்களை மிச்சப்படுத்திவிடும் அல்லவா?

இப்போது நீங்கள் செய்யக் கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. அந்தக் கோப்புகளை வேறெங்கும் நகலெடுக்காதீர்கள். பயந்துபோய் அழித்தும் விடாதீர்கள். பின்னாளில் வழக்கு வந்தால், விலகுவதற்கு முந்தைய வாரம் அழிக்கப்பட்ட கோப்பு, அழிக்கப்படாத கோப்பைவிட உங்களுக்கு அதிகத் தீங்கு செய்யும். ஒரு வழக்கறிஞர் மூலமாக, என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலிட்டு, நிறுவனத்திடம் முறையாக ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான எழுத்து ஆதாரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டித் தடையும் கண்டுபிடிப்பு உரிமையும்

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் உட்பிரிவுக்கு வருகிறேன். ஒருவர் சட்டபூர்வமான தொழில் எதையும் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்ற விதி கலிஃபோர்னியாவில் 1872 முதல் இருக்கிறது. இப்போது அது வணிக, தொழில் சட்டத் தொகுப்பின் 16600-ஆம் பிரிவு. மாநில உச்ச நீதிமன்றம் 2008-இல் எட்வர்ட்ஸ் வழக்கில் அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்படுத்தியது. 2024 ஜனவரி முதல், இத்தகைய உட்பிரிவை எங்கே கையெழுத்திட்டிருந்தாலும் இங்கே செயல்படுத்த முடியாது என்பதோடு, செயல்படுத்த முயல்வதே சட்டமீறலாகவும் ஆகியிருக்கிறது. உங்கள் தலைக்குள் ரகசியம் இருக்கிறது, வேறிடத்தில் வேலை செய்தால் தவிர்க்க முடியாமல் வெளிவந்துவிடும் என்ற வாதத்தைக்கூடக் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இலேயே ஏற்க மறுத்துவிட்டது. எட்டுப் பேர் விலகிய பிறகு ஆய்வுக்கூடத்தால் அவர்களைக் கட்டிப்போட முடியாமல் போனதற்கும், பிறகு சிலிக்கான் பள்ளத்தாக்கில் நிறுவனத்திலிருந்து நிறுவனம் முளைத்ததற்கும், 1872-இல் எழுதப்பட்ட இந்த ஒரு வரிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆகவே விலகிய மறுநாளே அதே துறையில் நீங்கள் வேலை செய்யலாம்.

கண்டுபிடிப்புகளை நிறுவனத்துக்கு ஒப்படைக்கும் உட்பிரிவு வேறு வகையானது. அது பெரும்பாலும் செல்லும். தொழிலாளர் சட்டத்தின் 2870-ஆம் பிரிவு, முழுக்க முழுக்கச் சொந்த நேரத்தில், நிறுவனத்தின் கருவியோ ரகசியமோ தொடாமல் உருவாக்கியவற்றை ஊழியருக்கே விடுகிறது. ஆனால் அவை நிறுவனத்தின் தொழிலோடோ அது திட்டமிட்டிருக்கும் ஆராய்ச்சியோடோ தொடர்புடையவையாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் செய்முறை அந்த விதிவிலக்குக்குள் நேராகப் போய் விழுகிறது. எனவே இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, நிராகரிக்கப்பட்ட அந்தச் செய்முறைக்கு நிறுவனத்திடமே உரிமம் கேட்பது. தங்களுக்கு வேண்டாமென்று ஒதுக்கியதற்குச் சிறு பங்குரிமையோ கட்டணமோ வாங்கிக்கொண்டு எழுத்தில் விடுவித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. மற்றது, விலகிய பிறகு வெற்றுத் தாளிலிருந்து வேறொரு வழியை உருவாக்குவது. இரண்டாவது மெதுவானது, ஆனால் முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேள்வி கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

பழையதை எடுத்துச் செல்வதில்தான் வாழ்வு இருக்கிறது என்ற எண்ணத்தை இந்த இடத்தில் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். ஃபேர்சைல்டின் முதல் விற்பனை, ஐபிஎம் நிறுவனம் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் கணினிக்காக வாங்கிய 100 டிரான்சிஸ்டர்கள். ஒன்றின் விலை 150 டாலர். மேசா என்ற வகையைச் சேர்ந்தவை அவை. அவற்றின் உறையைப் பென்சிலால் தட்டினாலே உள்ளிருந்த துகள் இடம்பெயர்ந்து சில செயலிழந்தன. அந்தச் சிக்கலைத் தீர்க்க, சிலிக்கானின் மேலிருக்கும் ஆக்சைடுப் படலத்தை அகற்றாமல் காப்பாக விட்டுவிடலாம் என்று ஹோர்னி சொன்னார். 1957 டிசம்பரிலேயே தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்த எண்ணம் அது. 1959 மே மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று காப்புரிமை வழக்கறிஞர் கேட்கப்போய், நாய்சின் மனம் ஒரே சிலிக்கான் துண்டில் முழுச் சுற்றையும் இணைப்பதை நோக்கி நகர்ந்தது. 1959 ஜூலையில் அவருடைய விண்ணப்பமும் போனது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சின் ஜாக் கில்பி சில மாதங்கள் முந்தியிருந்ததால் இரு தரப்புக்கும் இடையே பல ஆண்டுகள் காப்புரிமைப் பூசல் நடந்தது என்றாலும், 1966-இல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று உரிமம் வழங்கிக்கொண்டன. ரீம் நிறுவனத்தார் கொண்டுபோனதாகச் சொல்லப்பட்டது மேசாக் காலத்துச் செய்முறை. ஃபேர்சைல்டை உயர்த்தியது அதற்குப் பிறகு வந்த, பிளானார் என்று பெயர்பெற்ற ஹோர்னியின் செய்முறை.

நண்பர்களை அழைப்பது

நால்வரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். குழுவின் மற்றவர்களுக்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கப் போவதாகவும் சொல்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். வேலையில் இருந்துகொண்டே அடுத்த நிறுவனத்துக்குத் திட்டம் தீட்டுவதும், அதைப் பதிவுசெய்வதும், முதலீட்டாளரோடு உங்கள் சொந்த நேரத்தில் பேசுவதும் பொதுவாகத் தவறில்லை. வேலையில் இருக்கும்போதே போட்டி போடுவதும், மேலாளர் பதவியில் இருந்துகொண்டு கீழே பணிபுரிபவர்களை ரகசியமாகத் திரட்டுவதும் தவறு. 1966-இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், தன் நிறுவனத்தின் ஊழியர்களைப் போட்டியாளருக்காக மறைவில் சேர்த்துக்கொடுத்த ஒரு சட்டநூல் பதிப்பக நிறுவனத் தலைவர் மீதான வழக்கில் இதைத் தெளிவாக்கியது. எட்டுப் பேரில் யாரும் மற்றவருக்கு மேலதிகாரி என்ற இடத்திலிருந்து ஆள் திரட்டவில்லை. உங்கள் நிலை வேறு.

இந்த வகையில் ஃபேர்சைல்டே குற்றக் கூண்டில் நின்றதும் உண்டு. 1968-இல் மோட்டரோலாவின் குறைக்கடத்திப் பிரிவை நடத்திவந்த லெஸ்டர் ஹோகனைப் பெரும் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டபோது, அவரோடு பல அதிகாரிகளும் வந்தார்கள். மோட்டரோலா வழக்குத் தொடுத்தது. 1973-இல் அரிசோனா ஃபெடரல் நீதிமன்றம் மோட்டரோலாவின் கோரிக்கையை நிராகரித்தது. ரகசியம் என்று அது சொன்னவற்றை ரகசியமாகப் பாதுகாக்கவில்லை என்பது முக்கியக் காரணம். ஃபேர்சைல்ட் வென்றது உண்மை. ஆனால் வழக்கு முடிய ஐந்து ஆண்டுகள் ஆயின. நான்கு பேர் கொண்ட புதிய நிறுவனத்தால் ஐந்து ஆண்டு வழக்கை வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது. செலவு தாங்காமல் நடுவிலேயே மூடவேண்டிவரும்.

முன்விலை குறித்த கொள்முதல் உரிமை

இதைப் பற்றித்தான் நீங்கள் என்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஃபேர்சைல்ட் அந்த எட்டுப் பேரின் சொந்த நிறுவனம் என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். ஒப்பந்தப்படி மொத்தப் பங்குகள் 1,325. எட்டுப் பேருக்கும் தலா 100. அதற்கு ஒவ்வொருவரும் போட்டது 500 டாலர். ஹேடன் ஸ்டோனுக்கு 225. பின்னால் வரப்போகும் மேலாளர்களுக்கு என்று 300. காகிதத்தில் பார்த்தால் எட்டுப் பேரிடம்தான் பெரும்பான்மை. ஆனால் வாக்குரிமை வழியாகக் கட்டுப்பாடு ஃபேர்சைல்ட் கேமராவிடம் இருந்தது. எல்லாப் பங்குகளையும் 30 லட்சம் டாலருக்கு, சில ஆண்டுகள் கடந்து வாங்கினால் 50 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையும் அதனிடமே இருந்தது. டிரான்சிஸ்டர் விற்பனை சூடுபிடித்து, பிளானார் செய்முறை கைக்கு வந்திருந்த 1959-இலேயே, குறைந்த விலைக்கான காலத்திலேயே, அந்த உரிமையைத் தாய் நிறுவனம் பயன்படுத்திக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள தாய் நிறுவனப் பங்குகள் கிடைத்தன. 500 டாலர் போட்டு இரண்டே ஆண்டில் கிடைத்த தொகை என்று பார்த்தால் அது பெரும் பேறு. அன்றைய அவர்களுடைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் நினைத்துப் பார்க்க முடியாத செல்வம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்று முதல் அவர்கள் மீண்டும் ஊழியர்கள்.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். ஹோர்னி, லாஸ்ட், ராபர்ட்ஸ், கிளைனர் நால்வரும் 1961-இல் விலகி டெலிடைன் என்ற நிறுவனத்தின் கீழ் அமெல்கோ என்ற குறைக்கடத்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியாவில் ஈட்டிய லாபம் சயோசெட்டிலிருந்த தாய் நிறுவனத்தின் மற்றத் தொழில்களுக்குப் போனது. பொறியாளர்களுக்குப் பங்குரிமை தாராளமாகக் கிடைக்கவில்லை. உற்பத்தியை நடத்திவந்த சார்லி ஸ்போர்க் 1967-இல் நேஷனல் செமிகண்டக்டர் என்ற வேறொரு சிப் நிறுவனத்துக்குப் போனார். தாய் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு நாய்சுக்குக் கிடைக்காமல் போனது. 1968 ஜூலையில் அவரும் மூரும் இன்டெலைத் தொடங்கினார்கள். இந்த முறை ஆர்தர் ராக் 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தபோது, யாரும் முழு நிறுவனத்தையும் முன்விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை பெறவில்லை. முதல் ஒப்பந்தத்தில் பட்டதை அவர்கள் இரண்டாம் ஒப்பந்தத்தில் திருத்திக்கொண்டார்கள். 1969-இல் ஜெர்ரி சாண்டர்ஸ் ஏழு பேரோடு ஏஎம்டியைத் தொடங்கியதும் ஃபேர்சைல்டிலிருந்து விலகித்தான்.

ஃபேர்சைல்டோ கைமாறிக்கொண்டே இருந்தது. 1979-இல் ஷ்லும்பெர்ஷே என்ற எண்ணெய்வயல் சேவை நிறுவனம் 42 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1986-இல் ஜப்பானின் ஃபுஜிட்சு வாங்க முயன்று, அமெரிக்க அரசின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டு பின்வாங்கியது. பிறகு 12 கோடியே 20 லட்சம் டாலருக்கு நேஷனலிடமே போனது. 1997-இல் மறுபடி தனியாகப் பிரிந்து மெய்ன் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 2016-இல் 240 கோடி டாலருக்கு அதை வாங்கிய ஆன் செமிகண்டக்டர், 1999-இல் மோட்டரோலாவிலிருந்து பிரிந்து உருவான நிறுவனம். அதாவது ஹோகனுக்காக வழக்காடிய நிறுவனத்தின் வாரிசு. தொடங்கியவர்களில் யாருக்கும் இந்தக் கைமாற்றங்களில் சொல்லுரிமை இருந்ததில்லை.

உங்களிடம் நீட்டப்பட்டிருக்கும் ஒப்பந்தத்தை அப்படியே தள்ளிவிடச் சொல்லவில்லை. எட்டுப் பேரும் அதை ஏற்காமல் இருந்திருந்தால், முப்பதுக்கு மேற்பட்ட மறுப்புகளுக்குப் பிறகு கலைந்துபோய் வேலை தேடியிருப்பார்கள். வேறு முதலீடு கிடைக்காத இடத்தில் கொள்முதல் உரிமையும் ஒரு விலைதான். அதைக் குறைத்துக் கேளுங்கள் என்கிறேன். விலை நிலையான தொகையாக இல்லாமல், வருமானத்தின் மடங்காகவோ, சுயேச்சையான மதிப்பீட்டின்படியோ அமையட்டும். முதல் மூன்று ஆண்டுகள் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது என்று கேளுங்கள். வாங்கும் நாளில் உங்கள் பங்குகள் எல்லாம் முழுமையாக உங்களுக்கு உரியவையாகிவிட வேண்டும். பிற்பாடு சேரும் பொறியாளர்களுக்கும் பங்குரிமை தொடரும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சயோசெட்டில் இல்லாமல்போனது இந்தக் கடைசி அம்சம்தான். அதன் விலையாக ஃபேர்சைல்ட் இழந்தவர்களின் பட்டியலை மேலே பார்த்தீர்கள்.

எச்-1பி நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் வேலையை விட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான் உண்டு. புதிய நிறுவனம் அவருக்காக மனுத் தாக்கல் செய்வதற்கு முன், சம்பளம் வாங்காமல்கூட அவர் அதற்காக வேலை செய்யக் கூடாது. நால்வரும் ஒரே நாளில் ராஜினாமா கொடுப்பது உணர்ச்சிக்கு நன்றாக இருக்கும். அவருக்கு அது சரிவராது. குடிவரவுச் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞரை அவர் தனியாகப் பார்க்கட்டும். உங்கள் நலனும் அவருடைய நலனும் இதில் ஒன்றல்ல.

அப்பாவின் சொல்லை நான் சட்டத்துக்கு வெளியே உள்ளதாகக் கருதவில்லை. வேலையில் இருக்கும்வரை முழு விசுவாசம் காட்டும் கடமை சட்டத்திலும் உண்டு. ரகசியத்தைக் காக்கும் கடமை விலகிய பிறகும் தொடரும். விலகுவதே துரோகம் என்பதை மட்டும் சட்டம் ஏற்பதில்லை. கணக்கை முடித்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, சொல்லிக்கொண்டு கிளம்புகிறவர் உப்பை மறந்தவர் அல்லர் என்று நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்லலாம். மடிக்கணினியை ஒப்படைத்த பிறகு சொன்னால் உங்கள் குரலிலும் அந்த உறுதி இருக்கும்.

வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தம், பங்குரிமை ஆவணங்கள், முதலீட்டாளர் அனுப்பிய வரைவு ஆகிய மூன்றையும் உங்கள் பகுதியில் வேலைவாய்ப்புச் சட்டமும் நிறுவனச் சட்டமும் அறிந்த ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே காட்டுங்கள். ஏற்கெனவே உங்களுக்கு உரியதாகிவிட்ட பங்கு வாங்கும் உரிமைகளைப் பயன்படுத்த, விலகிய பிறகு பெரும்பாலும் மூன்று மாதங்கள்தான் கிடைக்கும். அதற்கான பணமும் வரியும் எவ்வளவு என்று ராஜினாமாவுக்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மீண்டும் எழுதுவதானால் கொள்முதல் உரிமையின் வாசகத்தை மட்டும் அனுப்புங்கள். செய்முறை என்னவென்று விளக்க வேண்டாம், சோதனைத் தரவின் ஒரு பக்கத்தைக்கூட இணைக்க வேண்டாம்.